26 ஆட்டம், 26 தோல்வி: ஆன்டிகுவா பாரகுடா பற்றி வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, போகிற போக்கில் ஆன்டிகுவா என்ற கரீபியன் தீவின் ஆன்டிகுவா பாரகுடா கால்பந்து கிளப்பைக் குறிப்பிட்டிருந்தேன். ஒரு சீசனில் ஆடிய அத்தனை ஆட்டத்திலும் தோற்ற கிளப் என்று ஒரே ஒரு வரி. அதைப் பிடித்துக்கொண்டு கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. ஆகவே இந்த முறை வேறு கேள்விகளுக்கு இடமில்லை, முழுக்க பாரகுடாதான்.

26 ஆட்டத்தில் 26 தோல்வி என்று எழுதியிருந்தீர்களே, அச்சுப்பிழையா? ஒரு டிராகூடவா இல்லை?
- கல்லூரி மாணவர்

அச்சுப்பிழை இல்லை. 2013ஆம் ஆண்டு அமெரிக்காவின் யுஎஸ்எல் புரோ என்ற லீகில் 13 அணிகள் ஆடின. அதன் புள்ளிப் பட்டியலில் கடைசி வரியைப் பாருங்கள்: வெற்றி 0, டிரா 0, தோல்வி 26. அடித்த கோல் 11, வாங்கிய கோல் 91, புள்ளி பூஜ்யம். சராசரியாக ஆட்டத்துக்கு மூன்றரை கோல் வாங்கியிருக்கிறார்கள்.

ஆனால் இந்த எண்களை மட்டும் எடுத்துக்கொண்டு 'உலகத்திலேயே மோசமான அணி' என்று பேசுபவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. அந்த கிளப் 2011, 2012, 2013 என்று மூன்று சீசன் ஆடி மூடப்பட்டது. முதல் இரண்டு சீசனில் மற்ற அணிகளைப் போல ஜெயிக்கவும் செய்தது, தோற்கவும் செய்தது. மூன்றாவது சீசனில் நடந்ததைத் தனியாகப் பார்க்க வேண்டும், அதற்குக் கீழே வருகிறேன்.

லீக் எது என்று கேட்ட மற்றவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அப்போது அமெரிக்காவில் மேஜர் லீக் சாக்கர் முதல் நிலை, என்ஏஎஸ்எல் இரண்டாம் நிலை, யுஎஸ்எல் புரோ மூன்றாம் நிலை. மூன்றாம் நிலை என்றாலும் தொழில்முறை லீக்தான், சம்பளம் வாங்கிக்கொண்டு ஆடுகிறவர்கள்.

ஆன்டிகுவா என்றால் கிரிக்கெட் அல்லவா? அங்கே எப்படி ஒரு தொழில்முறைக் கால்பந்து கிளப் முளைத்தது?
- ஓய்வுபெற்ற ஆசிரியர்

நீங்கள் கேட்பது நியாயம்தான். விவியன் ரிச்சர்ட்ஸ், ஆன்டி ராபர்ட்ஸ், ரிச்சி ரிச்சர்ட்சன், கர்ட்லி ஆம்ப்ரோஸ் நான்கு பேரும் அந்த மண்ணில் பிறந்தவர்கள். ஆன்டிகுவாவும் பக்கத்துத் தீவான பார்புடாவும் சேர்ந்த நாடு அது, 1981ல் பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்றது. மக்கள்தொகை ஒரு லட்சத்துக்கும் குறைவு. அந்த எண்ணிக்கையில் இருந்து நான்கு உலகத்தர கிரிக்கெட் வீரர்கள் வந்ததே அதிசயம். தலைநகர் செயின்ட் ஜான்ஸில் உள்ள பழைய மைதானத்தில்தான் லாரா 1994ல் 375 அடித்தார், பத்து வருடம் கழித்து 2004ல் அதே இடத்தில் ஆட்டமிழக்காமல் 400 அடித்தார்.

பாரகுடா ஆடியதும் கிரிக்கெட் மைதானங்களில்தான். ஒன்று விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்டான்ஃபோர்ட் மைதானம். ஆலன் ஸ்டான்ஃபோர்ட் என்ற டெக்சாஸ் பணக்காரர் 2008 நவம்பர் 1ஆம் தேதி 2 கோடி டாலர் பரிசு வைத்து ஒரு இருபது ஓவர் ஆட்டம் நடத்தினாரே, இங்கிலாந்து 10 விக்கெட்டில் தோற்றதே, அந்த மைதானம். அடுத்த வருடமே அவர் மோசடி வழக்கில் சிக்கி, 2012ல் 110 ஆண்டு சிறைத் தண்டனை வாங்கினார். மைதானம் மட்டும் மிஞ்சியது.

இன்னொன்று நார்த் சவுண்டில் உள்ள சர் விவியன் ரிச்சர்ட்ஸ் மைதானம். 2007 உலகக் கோப்பை கிரிக்கெட்டுக்காகச் சீன அரசின் உதவியோடு கட்டியது. 2009 பிப்ரவரியில் வெஸ்ட் இண்டீஸ், இங்கிலாந்து டெஸ்ட் அங்கே ஆரம்பித்து, வெறும் 10 பந்து வீசியதும் நிறுத்தப்பட்டது. மைதானம் முழுக்க மணல், பந்துவீச்சாளர் ஓடி வரும்போது கால் புதைகிறது. ஆட்டத்தை அவசர அவசரமாகப் பழைய மைதானத்துக்கு மாற்றினார்கள். வட்டமான கிரிக்கெட் மைதானத்துக்குள் செவ்வகமாகக் கோடு போட்டுக் கால்பந்து ஆடினால் பார்வையாளர் ரொம்ப தூரத்தில் உட்கார்ந்திருப்பார்கள். கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று கத்துகிற சுகம் கிடைக்காது. கால்பந்துக்கென்று ஒரு நல்ல மைதானம் இருந்திருந்தால் கிளப்புக்கு இன்னும் கொஞ்சம் பிடிப்பு கிடைத்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

கரீபியன் தீவு அணிக்கு அமெரிக்க லீகில் என்ன வேலை? உள்ளூர் லீகில் ஆடினால் போதாதா?
- பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

உள்ளூர் லீகில் ஆடினால் காலத்துக்கும் அதே பத்துப் பேரோடு மோத வேண்டும், ஆட்டம் வளராது. சின்ன நாடுகளின் பெரிய தலைவலியே இதுதான். தேசிய அணிக்கு வருகிறவர் வாரம் முழுக்க வேறு வேலை பார்த்துவிட்டுச் சாயங்காலம் பயிற்சிக்கு வருகிறவராக இருப்பார். எதிரே வரும் அணியில் முழுநேர வீரர்கள் பதினோரு பேர் நிற்பார்கள். எழுபது நிமிடம் வரை சமாளித்துவிட்டு, கடைசி இருபது நிமிடத்தில் கால் ஓயும்போது மூன்று கோல் வாங்குவார்கள். திறமைக் குறைவு என்று நாம் நினைப்போம், உண்மையில் அது உடல்தகுதிக் குறைவு.

இதைச் சரிசெய்ய வந்த யோசனைதான் பாரகுடா. நாட்டின் நல்ல வீரர்களை ஒரே கிளப்பில் சேர்த்து, சம்பளம் கொடுத்து, வருடத்துக்கு இருபதுக்கு மேல் கடினமான ஆட்டங்கள் ஆடவைப்பது. பயிற்சியாளராக டாம் கர்டிஸ் என்ற இங்கிலாந்துக்காரர் வந்தார். 1997ல் செஸ்டர்ஃபீல்ட் என்ற சின்ன அணி இங்கிலாந்தின் எஃப்ஏ கோப்பையில் அரையிறுதி வரை போனபோது அதில் நடுக்களத்தில் ஆடியவர். கிளப்புக்கும் அவரே பயிற்சியாளர், தேசிய அணிக்கும் அவரே. தேசிய அணியின் பெரும்பகுதி கிளப்பில் இருந்ததால் பயிற்சி தனித்தனியாக வேண்டியதில்லை. சின்ன நாடு செய்யக்கூடிய மிகப் புத்திசாலித்தனமான காரியம் இது என்பேன்.

இந்த வழியில் போனது இவர்கள் மட்டுமல்ல. பெர்முடா ஹாகஸ் என்ற கிளப் 2007ல் இருந்து 2009 வரை யுஎஸ்எல் இரண்டாம் டிவிஷனில் ஆடியது, மான்செஸ்டர் சிட்டியில் ஆடிய ஷான் கோட்டர் அதன் உரிமையாளர்களில் ஒருவர். போர்ட்டோ ரிக்கோ ஐலண்டர்ஸ் இன்னும் ஒரு படி மேல், வட, மத்திய அமெரிக்க, கரீபியன் கிளப்புகள் மோதும் 2008-09 கான்ககாஃப் சாம்பியன்ஸ் லீகில் அரையிறுதி வரை வந்து மெக்சிகோவின் குருஸ் அசூலிடம் பெனால்டியில் தோற்றது. 2011ல் பாரகுடா நுழைந்தபோது போர்ட்டோ ரிக்கோவில் இருந்து வேறு மூன்று கிளப்புகளும் அதே லீகில் சேர்ந்தன. சீசன் ஏப்ரலில் ஆரம்பித்தது, மே மாதமே அந்த மூன்றையும் லீக் நீக்கிவிட்டது. 15 அணி லீக் 12 ஆனது. கூட வந்த தீவு அணிகள் காணாமல் போக, கடல் தாண்டிப் போய் ஆடும் ஒரே அணியாக பாரகுடா நின்றது.

அந்த யோசனை பலித்ததா? நாட்டுக்கு ஏதாவது கிடைத்ததா?
- கால்பந்து நடுவர்

பலித்தது. இந்தப் பகுதியைத்தான் யாரும் சொல்வதில்லை.

2014 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று 2011லேயே தொடங்கியது. ஆன்டிகுவா பார்புடாவின் குழுவில் ஹைட்டி, குராசோ, அமெரிக்க வர்ஜின் தீவுகள். குழுவில் முதலிடம் பிடிக்கும் அணிக்கு மட்டுமே அடுத்த சுற்று. ஹைட்டி 1974 உலகக் கோப்பையிலேயே ஆடிய நாடு, எல்லோரும் அவர்கள்தான் போவார்கள் என்று நினைத்தார்கள். ஆன்டிகுவா வர்ஜின் தீவுகளை 8-1, 10-0 என்று அடித்தது, குராசோவை 5-2, 1-0 என்று வென்றது. அப்புறம் நவம்பர் 11ஆம் தேதி சொந்த மண்ணில் ஹைட்டியோடு ஆட்டம். எண்பது நிமிடம் தாண்டியும் கோல் இல்லை. 81ஆவது நிமிடத்தில் கெர்ரி ஸ்கெப்பிள் அடித்தார், 1-0. கடைசி ஆட்டத்தில் ஹைட்டியிடம் தோற்றாலும் கவலையில்லாத நிலை, தோற்றார்கள், ஆனால் அடுத்த சுற்றுக்குப் போய்விட்டார்கள்.

எண்பதாவது நிமிடத்துக்குப் பிறகு கால் ஓயாமல் கோல் அடித்தது யார் என்று பாருங்கள். மேலே சொன்ன உடல்தகுதிக் கணக்கு இங்கேதான் வேலை செய்தது.

அடுத்த சுற்றில் அமெரிக்கா, ஜமைக்கா, குவாத்தமாலா. 2012 ஜூன் 8ஆம் தேதி டாம்பாவில் அமெரிக்காவோடு முதல் ஆட்டம், 3-1 தோல்வி. அந்த ஒரு கோலை அடித்தவர் பீட்டர் பையர்ஸ், பாரகுடாவுக்கும் ஆடியவர். அடுத்த ஆட்டத்தில் சொந்த மண்ணில் ஜமைக்காவோடு 0-0 டிரா. அக்டோபர் 12ஆம் தேதி அமெரிக்கா நார்த் சவுண்டுக்கு வந்தது, அதே விவியன் ரிச்சர்ட்ஸ் மைதானத்துக்கு. நல்ல மழை, தரை ஈரம். எடி ஜான்சன் முதல் கோல் அடித்தார், ஐந்து நிமிடத்தில் டெக்ஸ்டர் பிளாக்ஸ்டாக் சமன் செய்தார். 1-1லேயே ஆட்டம் நகர்ந்து நகர்ந்து கடைசி நிமிடத்துக்கு வந்துவிட்டது. ஒரு லட்சம் பேர்கூட இல்லாத நாடு அமெரிக்காவிடம் இருந்து ஒரு புள்ளி எடுக்கப்போகிறது என்று இருந்தபோது, 90ஆவது நிமிடத்தில் அதே ஜான்சன் தலையால் முட்டி உள்ளே தள்ளிவிட்டார். 2-1.

ஆறு ஆட்டத்தில் ஒரே ஒரு புள்ளியோடு குழுவில் கடைசி இடம். பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு இதுவும் தோல்விக் கணக்குதான். ஆனால் பாரகுடா இல்லாமல் இவர்கள் அந்தக் குழுவுக்கே வந்திருக்க மாட்டார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

அவ்வளவு நன்றாகப் போன கிளப் 2013ல் ஏன் அப்படி விழுந்தது?
- வங்கி ஊழியர்

பணம். வேறு பெரிய மர்மம் எதுவும் இல்லை.

சின்ன கிளப்பின் வருமானம் மூன்று வழியில் வரும்: டிக்கெட், விளம்பரதாரர், உரிமையாளரின் பை. தீவின் மொத்த மக்கள்தொகையே ஒரு நடுத்தர ஊரின் அளவு. அதில் எத்தனை பேர் டிக்கெட் வாங்குவார்கள்? எத்தனை நிறுவனம் விளம்பரம் கொடுக்கும்? செலவு மட்டும் பெரிய நாட்டுச் செலவு. ரிச்மண்ட், வில்மிங்டன், சார்ல்ஸ்டன் என்ற அமெரிக்க ஊர்களின் அணிகள் ஒருவரோடு ஒருவர் ஆட பஸ்ஸில் போய்விட்டு வரலாம். பாரகுடாவுக்கு ஒவ்வொரு பயணமும் விமானம், ஒவ்வொரு வீரருக்கும் அமெரிக்க விசா, ஓட்டல், சாப்பாடு. மயாமி போகவே சுமார் மூன்று மணி நேரம். அங்கிருந்து ஒருபக்கம் ராச்செஸ்டர், இன்னொரு பக்கம் லாஸ் ஏஞ்சலிஸ், ஃபீனிக்ஸ்.

2013ல் நிலைமை இன்னும் மோசமாகி, சொந்த மண்ணில் ஒரு ஆட்டம்கூட நடத்த முடியாத இடத்துக்கு வந்துவிட்டார்கள். 26 ஆட்டமும் வெளியூரில். சாதாரணமாக இதில் 13 சொந்த மைதானத்தில் நடந்திருக்க வேண்டும்.

இதன் அர்த்தத்தைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். சொந்த மைதானத்தில் ஆட்டம் இல்லை என்றால் டிக்கெட் காசு இல்லை. ஊர்க்காரர்கள் நேரில் பார்க்காத அணிக்கு உள்ளூர் விளம்பரதாரர் எதற்குப் பணம் கொடுப்பார்? ஆக வருமானம் இன்னும் குறைகிறது. வீரருக்கோ சீசன் முழுக்க ஓட்டல் அறையும் பயணப் பையும்தான். ஆட்டம் முடிந்த இரண்டு மூன்று நாளில் அடுத்த ஆட்டம் வருகிறது, பயிற்சிக்குச் சொந்த இடம் கிடையாது, காயம்பட்டால் மாற்று ஆளைத் தீவில் இருந்து வரவழைக்க வேண்டும். நல்ல வீரர் வேறு இடம் கிடைத்தால் போய்விடுவார், அவரைக் குறை சொல்ல முடியாது. மிச்சம் இருப்பவர்கள் ஒவ்வொரு ஊரிலும் எதிரணிக்குக் கைதட்டும் கூட்டத்துக்கு முன்னால் இறங்கி ஆட வேண்டும், பத்து ஆட்டம் தோற்ற பிறகும், இருபது தோற்ற பிறகும்.

அப்படியும் 11 கோல் அடித்திருக்கிறார்கள். எனக்கு அந்த 91ஐவிட இந்த 11தான் கண்ணில் படுகிறது.

இப்படித் தோற்றால் கீழ் டிவிஷனுக்கு இறக்கிவிட மாட்டார்களா?
- பள்ளி மாணவி

இங்கிலாந்தில் என்றால் இறக்கியிருப்பார்கள். அமெரிக்காவில் ஏற்றமும் கிடையாது, இறக்கமும் கிடையாது. லீகில் இடம் என்பது பணம் கட்டி வாங்கும் உரிமை. மூன்றாம் நிலை கிளப்பின் பிரதான உரிமையாளருக்குக் குறைந்தது 1 கோடி டாலர் சொத்து இருக்க வேண்டும், இரண்டாம் நிலை என்றால் 2 கோடி என்றுகூட அங்கே விதி உண்டு. கடைசி இடத்தில் வந்தாலும் பணம் இருந்தால் அடுத்த வருடம் ஆடலாம். முதலிடத்தில் வந்தாலும் பணம் இல்லை என்றால் கடையை மூட வேண்டியதுதான்.

முதலிடத்தில் வந்தும் மூடிய கிளப் உண்டா?
- அதே மாணவியின் அண்ணன்

உண்டு. சான் ஃபிரான்சிஸ்கோ டெல்டாஸ். 2017ல் என்ஏஎஸ்எல் லீகில் முதல் சீசன், நவம்பர் 12ஆம் தேதி இறுதி ஆட்டத்தில் நியூயார்க் காஸ்மோஸை 2-0 என்று வென்று கோப்பையைத் தூக்கினார்கள். அதுவே அவர்களின் கடைசி ஆட்டமும்கூட. ரசிகர்கள் கோப்பையைக் கொண்டாடி முடிப்பதற்குள் கிளப் மூடப்பட்ட செய்தி வந்துவிட்டது. லீகும் 2018ல் ஆடவில்லை.

பாரகுடா தோற்ற அதே 2013 லீகில் ஃபீனிக்ஸ் எஃப்சி, விஎஸ்ஐ டாம்பா பே என்று இரண்டு கிளப்புகள் ஒரே சீசனோடு முடிந்தன. இரண்டும் அமெரிக்க மண்ணிலேயே இருந்தவை, விசா வேண்டாம், கடல் தாண்ட வேண்டாம், அப்படியும் தாக்குப்பிடிக்கவில்லை. அதே லீகில் கோப்பை வென்ற ஆர்லாண்டோ சிட்டியோ இறுதி ஆட்டத்துக்கு 20,000 பேருக்கு மேல் கூட்டம் சேர்த்து, சார்லட் ஈகிள்ஸை 7-4 என்று அடித்து, 2015ல் பணம் கட்டி இடம் வாங்கி மேஜர் லீக் சாக்கருக்கே போய்விட்டது. ஆர்லாண்டோவின் டொம் டுவையர் அந்த ஒரே ஆட்டத்தில் நான்கு கோல். ஒரே பட்டியலின் மேல் வரிக்கும் கீழ் வரிக்கும் இடையில் அவ்வளவு தூரம்.

தோற்கப்போகிறோம் என்று தெரிந்தும் ஏன் ஆட வேண்டும்? பாதியில் விலகியிருந்தால் மானமாவது மிஞ்சியிருக்குமே?
- தொழிற்சாலை மேற்பார்வையாளர்

இந்தக் கேள்வி ஏழெட்டுக் கடிதத்தில் இருந்தது. கோபத்தோடு சிலர் கேட்டிருக்கிறார்கள், அக்கறையோடு சிலர்.

எனக்கு இதில் மாற்றுக் கருத்து உண்டு. ஒரு அணி பாதியில் விலகினால் அதன் பாதிப்பு அந்த அணியோடு நிற்பதில்லை. மற்ற 12 கிளப்புகளும் டிக்கெட் விற்றிருக்கும், மைதானத்துக்கு வாடகை கட்டியிருக்கும், ஆட்டம் இல்லை என்றால் அந்தச் சின்ன கிளப்புகளுக்கு அது பெரிய அடி. புள்ளிக் கணக்கும் குழம்பும்: பாதிப் பேர் அந்த அணியை வென்று புள்ளி வாங்கியிருப்பார்கள், மீதிப் பேருக்கு அந்த வாய்ப்பே கிடைத்திருக்காது. 2011ல் மூன்று அணிகளை நீக்கியதும் அட்டவணையை நடுவில் மாற்றி எழுத வேண்டியிருந்தது. பாரகுடா அப்படி ஒரு சிக்கலை யாருக்கும் வைக்கவில்லை. ஒப்புக்கொண்ட 26 ஆட்டத்துக்கும் பதினோரு பேரை இறக்கிவிட்டுத்தான் போனார்கள். இதில் மானம் போவதற்கு என்ன இருக்கிறது? பணம் ஏற்பாடு செய்யாமல் அந்தப் பையன்களை வருடம் முழுக்க வெளியூரில் அலையவிட்ட நிர்வாகத்தை வேண்டுமானால் கேள்வி கேளுங்கள், அதில் நானும் உங்களோடு சேர்ந்துகொள்கிறேன். ஆடியவர்களைக் கேட்காதீர்கள்.

பெரிய லீகுகளில் இதற்குப் பக்கத்தில் வரும் அணி எது?
- நூலகர்

இங்கிலாந்து பிரீமியர் லீகில் 2007-08 டர்பி கவுண்டி: 38 ஆட்டத்தில் ஒரே வெற்றி, 11 புள்ளி. ஜெர்மனியில் 1965-66 டாஸ்மானியா பெர்லின்: 34 ஆட்டத்தில் இரண்டு வெற்றி, 15 கோல் அடித்து 108 வாங்கினார்கள். இருவருக்கும் சொந்த மைதானம் இருந்தது என்பதைச் சேர்த்துப் படியுங்கள்.

கிளப் மூடியதும் அந்த வீரர்கள் என்ன ஆனார்கள்?
- கல்லூரி விளையாட்டு மாணவி

தேசிய அணி சுருண்டுவிடவில்லை. கிளப் போன அடுத்த வருடம், 2014 அக்டோபரில், ஃபிஃபா தரவரிசையில் ஆன்டிகுவா பார்புடா 70ஆவது இடம் வரை ஏறியது, அந்த நாடு அதுவரை தொட்டிராத உயரம். பாரகுடாவில் முழுநேர ஆட்டத்துக்குப் பழகியவர்களுக்கு அதில் பங்கு உண்டு.

தனி ஆளாகச் சொல்ல வேண்டும் என்றால் குவின்டன் கிரிஃபித்தைச் சொல்வேன், வலது பக்கத் தடுப்பாட்டக்காரர். பாரகுடாவில் ஆடிவிட்டு, அதே லீகில் எதிரணியாக இருந்த சார்ல்ஸ்டன் பேட்டரிக்குப் போனார். ஒரு வருடம் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தால், பல சீசன்கள் அவரையே வலது பக்கத்தில் நிறுத்தி வைத்திருந்தார்கள்.